பனி தள்ளப் போன ஆனந்தராஜா

கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதன் ஆனந்தராஜா. கிங்ஸ்பரியில் எந்தத் தமிழ்க் குடும்பம் வீடு மாறினாலும் அலுமாரி தூக்க அவன் வேண்டும். விடியற்காலையில் யாருடைய கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றாலும் பின்னால் நின்று தள்ள அவன் வேண்டும். "ஆனந்தனைக் கேளுங்கோ, அவன் வருவான்" என்று சொல்லிச் சொல்லியே சனம் அவனைக் கெடுத்து வைத்திருந்தது. அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்லவேண்டும், முழுப் பழியையும் சனத்தின் தலையில் கட்டக்கூடாது.

எண்பத்தாறில் லண்டனுக்கு வந்தவன். முதல் இரண்டு வருடம் ஹோட்டலில் கோப்பை கழுவினான், பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் நின்றான். பிறகுதான் ஹார்வி என்ற வெள்ளைக்காரரிடம் நிலையான வேலை கிடைத்தது. நீஸ்டன் பக்கத்தில் ஹார்விக்கு ஒரு யார்ட் இருந்தது. கோடையில் தொழிற்சாலை வளவுகளில் புல் வெட்டுவது, குளிர்காலத்தில் கார் பார்க்குகளில் உப்புத் தூவுவது, பனி கொட்டினால் தள்ளி ஒதுக்குவது, இவைதான் தொழில். பனிக்கென்று ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. அதன் முன்னால் ஆள் அகலத்துக்கு மேலான ஓர் இரும்புத் தகடு பூட்டியிருக்கும். லண்டனில் அப்படிப் பனி கொட்டுவது எப்போதாவதுதான். கொட்டிவிட்டால் அந்த ஒரு வாரத்தில் ஹார்வி மூன்று மாதச் சம்பாத்தியத்தைப் பார்த்துவிடுவார். அதை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவன் ஆனந்தராஜா ஒருவன்தான்.

அவனுடைய மனைவி கோதையும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒற்றை அறையில் கிடந்தார்கள். மகளுக்கு எட்டு வயது. மகனைக் கைக்குழந்தையாய் விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பையன் இப்போது போனில் கேள்வி கேட்கிற வயதுக்கு வந்துவிட்டான். ஊரில் திரும்பவும் சண்டை தொடங்க, கோதை இருக்கிற நகையை விற்றுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தாள். இரண்டு நாளைக்கு ஒருதரம் பொலிஸ் வந்து அறை அறையாய்த் தட்டிப் பதிவு கேட்கும். பெப்ரவரி இருபத்தாறாம் திகதி அவர்களுக்கு விசா நேர்முகம். ஆனந்தராஜா இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குப் பேசிவிட்டான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடிதம். ஆனந்தராஜா என்னிடம் நிரந்தரமாக வேலை செய்கிறான், குடும்பத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறான் என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம். அது இல்லாமல் நேர்முகத்துக்குப் போவதும் ஒன்றுதான், போகாமல் விடுவதும் ஒன்றுதான். திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் எத்தனை வருடம் போகும் என்று வக்கீலுக்கே தெரியாது. "அடுத்த வாரம் எழுதித் தருகிறேன்" என்று ஹார்வி சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற மனிதர்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பெப்ரவரியில் விழுந்த பனியை அப்போது லண்டனில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை கொட்டத் தொடங்கியது, வெள்ளிக்கிழமை ஊரே படுத்துவிட்டது. யார்டுக்கு வந்து போகும் நேரம் மிச்சம் என்று ஹார்வி டிராக்டரை ஆனந்தராஜாவின் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னார். "வேலைக்கு மட்டும்" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஆனந்தராஜா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சபாரத்தினம். வெம்பிளியில் இரண்டு கடை வைத்திருப்பவர், இரண்டு தெரு தள்ளி ஏற்றத்தில் வீடு. அன்று அவருடைய மகள் சிவகௌரிக்குக் கலியாணம்.

"தம்பி, றோட்டு முழுக்க மூடிக் கிடக்கு. ஒரு கார் அசைய ஏலாது. எட்டரைக்குப் பொம்பிளை வெளிக்கிடவேணும், பத்தேகாலுக்கு முகூர்த்தம். உம்மை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

"அண்ணை, நான் ஏழு மணிக்கு வெம்பிளி கார் பார்க்கிலை நிக்கவேணும். மெசினும் என்ரை இல்லை."

"பத்து நிமிச வேலை தம்பி. என்ரை பிள்ளையின்ரை கலியாணம்."

பிள்ளையின் கலியாணம் என்ற பிறகு ஆனந்தராஜா வேறு என்ன சொல்லுவான். "வாறன் அண்ணை" என்றான்.

இந்த இடத்தில் சபாரத்தினம் வீட்டுக் கன்னிக்காலைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாக நல்ல நேரம் பார்த்து, வீட்டின் ஈசான மூலையில் ஒரு முள்முருக்கங்கொப்பு நட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டி, தேங்காய் உடைப்பார்கள். கலியாணம் முடியும்வரை அதுதான் அந்த வீட்டுக்குக் காவல். அது சரியக்கூடாது, சரிந்தால் அபசகுனம். கிங்ஸ்பரியில் முருக்குக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடம் ஓர் ஆப்பிள் கொப்புக் கேட்டு வாங்கினார்கள். நிலம் உறைந்து கல்லாய்க் கிடந்தது, கொப்பு இறங்கவில்லை. சபாரத்தினம் லேசில் விடுகிற ஆளா? தடித்த கோண இரும்பு ஒன்றைச் சம்மட்டியால் அடித்து இரண்டரை அடி நிலத்துக்குள் இறக்கி, அதோடு சேர்த்துக் கொப்பைக் கம்பியால் வரிந்து கட்டிவிட்டார். ஈசான மூலை வந்து விழுந்த இடம் கார் ஏறுகிற வாசலின் ஓரம். அதற்குப் பிறகுதான் பனி வந்தது. கொப்பு வளைந்து படுத்தது. வெள்ளிக்கிழமை வீட்டு ஆட்கள் காரின் மேலிருந்த பனியை வழித்து அந்த மூலையிலேயே குவிக்க, கன்னிக்கால் இருந்த இடமே தெரியாமல் போனது.

ஆனந்தராஜா போனபோது வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கோட்டுக்கு மேல் சால்வை போட்டவர்கள், வேட்டிக்குக் கீழே பூட்ஸ் போட்டவர்கள். ஒருத்தராவது "தம்பி, இதுக்குள்ளை கன்னிக்கால் நிக்குது" என்று வாய் திறக்கவில்லை. மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கலியாண வீடுகளில் நடக்கிற முக்கால்வாசி அநியாயமும் இப்படித்தான் நடக்கிறது.

தெருவை அவன் கால் மணித்தியாலத்தில் வழித்துக் கொடுத்தான். இறங்கிப் போகத் திரும்பினவனைச் சபாரத்தினம் கை காட்டி மறித்தார். முகூர்த்த அவசரத்தில், தான் அடித்து இறக்கிய இரும்பை அவரே மறந்துபோயிருந்தார்.

"வந்தது வந்தீர், இந்த வாசலையும் ஒருக்கால் வழிச்சு விடும். அந்தக் குவியலை அங்காலை தள்ளிவிட்டால் பொம்பிளைக் கார் நேரை வந்து நிக்கும்."

ஆனந்தராஜா தகட்டைப் பதித்து அந்தக் குவியலுக்குள் விட்டான். நிலம் அதிர்ந்ததுபோல ஒரு சத்தம். டிராக்டர் முன்னால் குனிந்து நின்றுவிட்டது. அவனுடைய நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் மோதியது. இறங்கிப் பார்த்தான். தகடு ஒரு பக்கம் கிழிந்து மடங்கியிருந்தது. அதைத் தூக்குகிற கை வளைந்து, எண்ணெய் வெள்ளைப் பனியில் வழிந்துகொண்டிருந்தது. தகட்டைப் பூட்டியிருந்த இரும்பு வார்ப்பிலும் வெடிப்பு.

அவனைத் தவிர அங்கே நின்ற யாரும் டிராக்டரைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது, பனிக்குள்ளிருந்து பிடுங்குப்பட்டுக் கிடந்த கோண இரும்பையும், அதோடு முறிந்து கிடந்த ஆப்பிள் கொப்பையும், மஞ்சள் துணியையும்தான். சபாரத்தினத்தின் மனைவி கமலாம்பிகை கதவடியில் அப்படியே இருந்துவிட்டாள். பட்டுச்சேலையோடு பனியில் இருந்தாள். பின்னால் மணப்பெண் சிவகௌரி, பாதி அலங்காரத்தில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சபாரத்தினம்தான் முதலில் சுதாரித்தார். கொப்பைத் தூக்கினார், புதுத் துணி கொண்டுவரச் சொன்னார், கன்னிக்காலைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி நாலு செங்கல்லை அண்டக் கொடுத்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "ஒண்டும் நடக்கேல்லை. விளங்குதோ? மாப்பிளை வீட்டுக்காரர் காதிலை இது விழப்படாது. விழுந்தால் இண்டைக்கு இந்தக் கலியாணம் நடவாது."

கமலாம்பிகை எழும்பி வந்து ஆனந்தராஜாவின் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீர் ஆருக்கும் சொல்லமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் என்ரை மனம் ஆறாது. உம்மடை பிள்ளையளாணை சொல்லும்."

"அக்கா, அது ஏன்? நான் சொல்லமாட்டன்."

"பிள்ளையளாணை எண்டு சொல்லும் தம்பி. நானும் ஒரு தாய்."

வளைந்த தகட்டுக்கும் அழுகிற தாய்க்கும் நடுவில் நின்று அவன் சொன்னான். என் பிள்ளைகள் ஆணை, இது இங்கே நடந்தது என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சொன்னான். சபாரத்தினம் அவனுடைய தோளில் தட்டி, "கலியாணம் முடியட்டும் தம்பி, மெசின் அலுவலை நான் பாக்கிறன்" என்றார். பன்னிரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

மறுநாள் ஹார்வி டிராக்டரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆனந்தராஜாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வெம்பிளி கார் பார்க் பலகைபோல மட்டமான இடம். அங்கே இப்படி அடிபட ஒன்றுமில்லை. ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, உடைந்த தகட்டோடுதான் போனாய் என்று அவர்களும் போன் எடுத்துவிட்டார்கள். எங்கே கொண்டுபோனாய்?"

ஆனந்தராஜா குனிந்து, மடங்கிய தகட்டில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தான்.

"இதைத் திருத்த அறுநூற்றெண்பது பவுண் வரும். யாருக்காவது உதவி செய்யப் போனாயா? போனால் சொல்லு. யாருடைய வளவில் அடிபட்டதோ அவர் ஒரு கடிதம் தரட்டும், அவருடைய இன்சூரன்ஸ் கட்டும். உதவி செய்ததற்காக நான் ஒருவனை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். பொய் சொல்கிறவனை வைத்திருக்கவும் மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் தருகிறேன்."

மனிதர் வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டு நின்றார். உள்ளே போக ஆனந்தராஜாவுக்குக் கால் வரவில்லை. வாயைத் திறக்க நினைத்தபோதெல்லாம் மகளுடைய முகம் முன்னால் வந்து நின்றது. பொலிஸ் தட்டுகிற லொட்ஜ், குண்டு வெடிக்கிற ஊர், அங்கே கிடக்கிற பிள்ளைகளின் மேல் செய்த சத்தியம். முறித்தால் அவர்களுக்கு என்ன நடக்கும்? காப்பாற்றினால் அவர்களுக்கு என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் அவர்களே இருந்தார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டு இருக்கிறவனுக்குச் சிரிப்பு வராது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சபாரத்தினத்தின் கடைக்குப் போனான். அவர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அறுநூற்றெண்பது எனக்கு ஒரு காசே? ஆனால் யோசிச்சுப் பாரும். நான் காசு தந்தால் என்ன அர்த்தம்? கன்னிக்கால் விழுந்தது எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி."

"அண்ணை, காசு வேண்டாம். கன்னிக்கால் எண்டும் எழுதவேண்டாம். வாசலிலை இரும்புக் கட்டை ஒண்டு நிண்டது, அதிலை அடிபட்டது எண்டு ஒரு துண்டு தாங்கோ. முதலாளிக்கு அது காணும்."

"இன்சூரன்ஸ்காரன் வருவான். என்ன கட்டை, ஏன் நட்டனீர் எண்டு கேட்பான். நாலு வீடு விசாரிப்பான். எங்கடை சனத்தின்ரை வாய் உமக்குத் தெரியாதோ? நாளைக்கு எட்மண்டனிலை சம்பந்தி வீட்டிலை போய் நிக்கும். கமலம் இப்பவும் நித்திரை கொள்ளேல்லை. சாந்தி செய்யிறதுக்கு ஐயருக்கு இருநூறு குடுத்திருக்கிறன். அதை நான் உம்மட்டைக் கேட்டனானோ?"

கேட்டீர்களா என்ன கதை! முறித்தவன் என்ற கணக்கில் ஆனந்தராஜா அவருக்கு இருநூறு பவுண் கடன், பெருந்தன்மையில் அவர் அதை விட்டுவிட்டார். அவனோ "இல்லை அண்ணை, நீங்கள் கேட்கேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தான். வந்த வழியில் தன்னையே தூஷணத்தால் திட்டினான். கையில் இருந்ததெல்லாம் புது வீட்டு முற்பணத்துக்கும் மூன்று விமானச் சீட்டுக்கும் போயிருந்தது. தெரிந்தவர்களிடம் கைமாற்றுக் கேட்டான்; எதற்கு என்று கேட்டார்கள்; சொல்ல முடியவில்லை. சொல்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

சனிக்கிழமை எட்மண்டனில் மாப்பிள்ளை வீட்டில், லீவு நாளுக்கென்று தள்ளி வைத்த நாலாம் சடங்கு விருந்து. பெண் வீட்டார் வந்திருந்தார்கள். கலியாணத்துக்குப் பாதை விட்டவர் கட்டாயம் வரவேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பன் சிவானந்தன் சொல்லியனுப்பியதால் ஆனந்தராஜாவும் போனான். அவனுக்குள் ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு வசனம் சொன்னால் போதும். சபாரத்தினம் அந்த இடத்திலேயே கையெழுத்து வைப்பார். சாப்பாட்டுக்கு இருக்கும்வரை அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

சிவானந்தன் பழைய வங்கி உத்தியோகத்தர், அதிகம் பேசாத மனிதர். தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, அண்டைக்கு உம்மடை மெசினுக்கு ஏதும் நடந்ததோ?"

எதிரே பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த கமலாம்பிகையின் அகப்பை நடுவில் நின்றது. அறையின் மூலையில் சிவகௌரி புதுத் தாலியோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இருபத்திமூன்று வயது.

"இல்லை ஐயா. ஒண்டும் நடக்கேல்லை."

"யோசிச்சுச் சொல்லும். உதவிக்கு வந்த இடத்திலை நட்டப்படக் கூடாது. பழுது ஏதும் எண்டால் கதைக்கலாம்."

"ஒண்டுமே இல்லை ஐயா."

சிவானந்தன் கொஞ்ச நேரம் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு எழும்பினார். கமலாம்பிகை அவனுடைய கோப்பையில் இரண்டு அகப்பை பாயசம் ஊற்றினாள். அவன் குடித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோதை லொட்ஜிலிருந்து போன் எடுத்தாள். "கடிதம் எடுத்திட்டியளோ?" என்பதுதான் முதல் கேள்வி. "நாளைக்குத் தருவார். வரும், யோசியாதையும்" என்றான். பொய் சொல்லுகிற நோக்கம் அவனுக்கு இல்லை. திங்கட்கிழமை ஏதாவது நடக்கும் என்று நம்பினான்.

திங்கட்கிழமை ஹார்வி ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டார். ஆனந்தராஜா, மாதம் மாதம் சம்பளத்தில் பிடியுங்கள் என்றான். நான் காசைக் கேட்கவில்லை, எங்கே கொண்டுபோனாய் என்று கேட்டேன் என்றார் அவர். பிறகு ஹார்வி வேலையை விட்டு நிறுத்துகிற கார்டையும் மிச்சச் சம்பளத்தையும் மேசையில் வைத்தார். "உன்னைப்போல ஓட்டுகிறவன் எனக்குக் கிடைக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வைத்தார்.

அன்று முழுக்க ஆனந்தராஜா கிங்ஸ்பரிக்கும் வெம்பிளிக்கும் இடையில் நடந்தான். பனி கரைந்து தெருவெல்லாம் சேறாய்க் கிடந்தது. மூன்று கடையில், ஒரு பேக்கரியில் வேலை கேட்டான். வேலை தந்தாலும் நேற்றுச் சேர்ந்தவனுக்கு நிரந்தர வேலை என்று யார் கடிதம் தருவார்கள்? எட்டு நாள்தான் இருந்தது. கடைசியில், சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்ற நிலைக்கு வந்துவிட்டான். என் பிள்ளைகளை நானே தெருவில் விட்டுவிட்டு யாருடைய பிள்ளையின் தாலியைக் காப்பாற்றுகிறேன் என்று தன்னையே கேட்டான். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி எட்மண்டனுக்குப் போனான். சம்பந்திக்கே தெரிந்துவிட்டால் சபாரத்தினத்துக்கு மறைக்க என்ன இருக்கிறது, பிறகு கடிதம் தரத்தானே வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, கலியாணம் குழம்பினால் குழம்பட்டும். அப்படி ஒரு வெறி.

கதவைத் திறந்தது சிவகௌரி. அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ அங்கிள்" என்றாள். உள்ளே சிவானந்தன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லவேணும். சொன்னால் நீர் என்னை மன்னிக்கமாட்டீர். அண்டைக்குக் காலமை உங்கடை வாசலிலை..."

"கன்னிக்கால் விழுந்ததோ?" என்றாள் அவள். "அதை நான் அண்டைக்கே இவருக்குச் சொல்லிப்போட்டன் அங்கிள். மனசிலை வைச்சிருக்க ஏலாமல் இருந்தது. இவர் சிரிச்சவர். ஆப்பிள் கொப்பு விழுந்தால் ஆப்பிளுக்குத்தான் கூடாது எண்டு சொன்னவர்."

சிவானந்தன் பேப்பரை மடித்து வைத்தார்.

"மகன் யோகராஜா எனக்கும் சொன்னவன்" என்றார் சிவானந்தன். "அதுக்காகத்தானே விருந்துக்கு உம்மைக் கூப்பிட்டனான். எங்கடை கலியாணத்துக்கு வந்து உம்மடை மெசின் உடைஞ்சிருக்கு, நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதோ? செக் எழுதிச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் உமக்குப் பக்கத்திலை வந்து இருந்தனான். ரெண்டு தரம் கேட்டன். நீர் ஒண்டுமில்லை எண்டிட்டீர்."

"ஐயா, நேரை கேட்டிருக்கலாமே. கன்னிக்கால் விஷயம் தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சம்பந்தி முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? அவர் மறைக்கிறார் எண்டு தெரியுது. சபையிலை போட்டு உடைச்சால் அவருக்கு வெட்கமெல்லே."

சபாரத்தினம் சம்பந்திக்குப் பயந்து வாயை மூடினார். சம்பந்தி சபாரத்தினத்தின் மானத்துக்காக வாயை மூடினார். மகள் தாய் அழுவாளே என்று, கணவனுக்குச் சொன்னதைத் தாய்க்குச் சொல்லாமல் விட்டாள். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். இந்த மரியாதையைத் தூக்கி எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ஆனந்தராஜா அந்த வீட்டு மேசையில் தலையை வைத்து அழுதான். வேலை போன கதையையும் கடிதத்தின் கதையையும் சொன்னான். கேட்டுச் சிவகௌரியும் அழுதாள். சிவானந்தன் எழும்பிப் போய் அறுநூற்றெண்பது பவுணுக்குச் செக்கும், நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார்.

புதன்கிழமை காலை அதை ஹார்வியிடம் கொண்டுபோனான். ஹார்வி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கன்னிக்கால் என்றால் என்ன என்று கேட்டார். ஆனந்தராஜா தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். வாசலில் டிராக்டருக்குக் கீழே ஒரு புது ஆள் படுத்திருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"நேற்றுத்தான் அவனை எடுத்தேன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் ஹார்வி. "நீ இவ்வளவு காலம் என்னிடம் வேலை செய்தாய் என்று எழுதித் தருகிறேன். இப்போதும் செய்கிறாய் என்று பொய் எழுத மாட்டேன். ஒரு வாரம் உன்னைக் கேட்டேனே ராஜா."

அந்தக் கடிதத்தால் பிரயோசனம் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோதையும் பிள்ளைகளும் ஹீத்ரோவில் வந்து இறங்கத் தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஐப்பசி ஆனது. நடுவில் இரண்டு லொட்ஜ் மாறினார்கள்; ஒருதரம் கோதையைப் பொலிஸ் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தது. ஆனந்தராஜா இப்போது ஒரு பாடசாலையில் துப்புரவு மேற்பார்வையாளன். யாராவது உதவி கேட்டால் இன்றைக்கும் போகிறான். திருந்துகிற ஜன்மம் இல்லை. ஆனால் யாருடைய பொருள், உடைந்தால் யார் பொறுப்பு என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறான். அவன் மாறிவிட்டான், பெரிய ஆளாகிவிட்டான் என்று சனம் சொல்லுகிறது.

அந்தப் புதன்கிழமை பகல் அவனே தெருவோரப் போன் பெட்டியிலிருந்து லொட்ஜுக்குப் போன் எடுத்தான். மனேச்சர் கூப்பிட, கோதை படியிறங்கி ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பனி, கன்னிக்கால், பிள்ளைகளின் மேல் செய்த சத்தியம், விருந்து, செக், புது ஆள், எல்லாம் சொன்னான். பவுண் நாணயங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தன.

"இது சபாரத்தினத்தார் வீட்டிலை எல்லாருக்கும் தெரியும்?" என்று கேட்டாள் கோதை.

"ஓம்."

"மாப்பிளை வீட்டிலையும் தெரியும்?"

"ஓம்."

"உங்கடை முதலாளிக்கும் இப்ப தெரியும்?"

"ஓம் கோதை."

"அப்ப ஆருக்குத் தெரியக்கூடாது எண்டு சத்தியம் பண்ணினியள்? எனக்கோ?"

அவன் இன்னுமொரு பவுணைப் போட்டான். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"பிள்ளையள் உடுப்பெல்லாம் பெட்டியிலை அடுக்கி வைச்சிட்டுதுகள். காலமையும் எடுத்து எண்ணிப் பாத்ததுகள். அதுகளிலைதானே ஆணையிட்டியள், நீங்களே அதுகளுக்குச் சொல்லுங்கோ."

போன் கை மாறியது.

"அப்பா," என்றாள் மகள், "அங்கை இன்னும் பனி இருக்கோ? நாங்கள் வரும்வரைக்கும் இருக்குமோ?"